தலையில் அடி, பையில் மனநல மருந்து: கொழிஞ்சாம்பாறை அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கேரளத்துக்குள் இருந்தும் தெருவெங்கும் தமிழ் ஒலிக்கும் கொழிஞ்சாம்பாறையில் என் அத்தை வீடு இருக்கிறது. டொராண்டோவிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்தபோது, அவ்வீட்டின் தாழ்ந்த வாசல் நிலையில் நெற்றி பலமாக இடித்துவிட்டது. நினைவு தப்பவில்லை, ஆனால் தலைவலியும் குமட்டலும் தொடர்ந்தன, வெளிச்சம் பட்டாலே கண் கூசியது. பதற்ற நோய்க்கு நெடுநாளாக செர்ட்ராலின் சாப்பிட்டு வருபவன் நான். தூக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல் ஆகியவை இரண்டிலுமே வருபவை என்பதால், எது அடியின் விளைவு, எது பழைய நோய் என்று பிரித்தறிய முடியவில்லை.

பொள்ளாச்சியா பாலக்காடா என்று வீட்டில் நடந்த பட்டிமன்றத்துக்குப் பின் (எல்லையோரத்தில் எந்த நோய்க்கும் முதல் சிகிச்சை அதுதான்) பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்து, "ரிப்போர்ட் நார்மல், ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமே தவிர, கன்கஷன் எனப்படும் லேசான மூளை அதிர்ச்சி பெரும்பாலும் அதில் தெரியாது. முன்பே பதற்றமோ மனச்சோர்வோ உள்ளவர்களுக்கு அதன் அறிகுறிகள் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். இருந்தும் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிரவு, "தூங்கினா மண்டைக்கு ஆகாது கண்ணு" என்று அத்தை மணிக்கொருமுறை என்னை உலுக்கி எழுப்பினார். விடியும்போது தலைவலியைவிடப் படபடப்பே ஓங்கியிருந்தது.

மறுநாள் கேரளப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஓ.பி. சீட்டு எடுத்துக் காத்திருந்து பார்த்த இளம் மருத்துவர், கண்மணிகளில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். தமிழ் மாதங்களில் சொல்லலாமா என்றதற்குச் சிரித்துத் தலையசைத்தார். பங்குனி, மாசி, தை என்று இறங்கி ஐப்பசியில் தடுமாறினேன். மருந்துப் பட்டியலை வாங்கிப் படித்து, செர்ட்ராலினை நானாக நிறுத்தக் கூடாது, வலிக்கு பாராசிட்டமால் போதும் என்றார். பரிசோதனையில் ஆபத்து அறிகுறி இல்லாதபோது தூங்கலாம், தூங்கவும் வேண்டும் என்பதை அத்தையிடமே எடுத்துச் சொன்னார். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை. வாந்தி மீண்டும் மீண்டும் வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ உடனே திரும்பிவர வேண்டும்.

இரவில் படபடப்பு கூடியபோது, அத்தையின் கைப்பேசியிலிருந்து 14416 என்ற எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இது; 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். எதிர்முனையில் இருந்தவர் அவசரப்படாமல் கேட்டார்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மனநல மாத்திரையை நாள் கணக்குக்கு மேலாகவே எடுத்து வருவது நல்லது. செர்ட்ராலின் இந்தியாவிலும் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துதான். மாத்திரையின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறுவதால், மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் தெளிவாக உள்ள சீட்டின் நகல் கைவசம் இருக்கட்டும்.