சந்திராவா, நியூட்டனா? கருந்துளையின் அக்கம்பக்கம் பார்க்க எது நல்லம்

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்த விஷயம், செயல்துடிப்புள்ள (அதாவது, நடுவிலுள்ள பெரிய கருந்துளை பொருளை விழுங்கிப் பிரகாசிக்கும்) விண்மீன் திரள்களைச் சூழ்ந்திருக்கும் சூடான வாயு. அந்த வாயு ஒளிர்வது எக்ஸ் கதிரில். எக்ஸ் கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடும். திருகோணமலையில் என்ன, இமயத்தின் உச்சியில் நின்றாலும் ஒன்றும் தெரியாது. விண்வெளித் தொலைநோக்கிகளின் காப்பகம்தான் கதி. நாசாவின் சந்திரா 1999 ஜூலையிலும், ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம் நியூட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் ஏவப்பட்டன. இரண்டின் பழைய தரவும் இலவசம், மென்பொருளும் இலவசம். கம்பஸ் வைஃபையில் இரவிரவாக இறக்கலாம். நான் சந்திராவை எடுத்தேன்.

காரணம் ஒன்றுதான்: கூர்மை. நடுவில் கருந்துளையைச் சுற்றிய பகுதி கண்ணைக் கூசவைக்கும். நமக்கு வேண்டியதோ அதன் பக்கத்தில் மங்கலாகக் கிடக்கும் வாயு. உப்புவெளிக் கரையில் இரவில் நின்றால், வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கிற வள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னத் தோணி தெரியாதல்லவா, அதே சங்கடம். சந்திராவில் ஒரு புள்ளியின் ஒளியில் பாதி ஏறத்தாழ அரை ஆர்க் செக்கன் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செக்கன்) அகல வட்டத்துக்குள் அடங்கும். நியூட்டனில் அதற்குச் சுமார் 15 ஆர்க் செக்கன் வேண்டும். 500 கோடி ஒளியாண்டு தொலைவில் அந்த 15 என்பது கிட்டத்தட்ட 3 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வீதியின் தட்டே ஏறத்தாழ 1 லட்சம்தான்! அவ்வளவு தூரத்துக் குவேசாரில் (நடு மிகப் பிரகாசமான திரள்) நடுவையும் சுற்றத்தையும் நியூட்டனால் பிரிப்பது பெரும்பாடு.

கிட்டத்துத் திரள்களில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெர்சியசு என்ற திரள்கொத்தின் நடுவில், என்ஜிசி 1275 என்ற திரளின் கருந்துளை கக்கும் தாரைகள் வாயுவை ஒதுக்கி உண்டாக்கிய குழிகளை 1990களிலேயே ரோசாட் என்ற பழைய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி காட்டிவிட்டது. ஆனால் அவற்றின் விளிம்பைத் தெளிவாக்கி, வெளியே பரவும் ஒலி அலை போன்ற சிற்றலைகளையும் 2003இல் காட்டியது சந்திராதான். கருந்துளை தன் சுற்றத்தை எப்படிச் சூடாக்குகிறது என்ற கேள்விக்கு இந்த விளிம்புகள்தான் உயிர்.

சந்திராவிலும் இடைஞ்சல் உண்டு. நடு மிகப் பிரகாசமானால் இரண்டு போட்டன்கள் (ஒளித்துகள்கள்) கமராவின் ஒரே சட்டகத்தில் விழுந்து ஒன்றாக எண்ணப்படும். நடுவின் நிறமாலை கெட்டுப்போகும், சுற்றம் பெரும்பாலும் தப்பும். கூர்மையும் படத்தின் நடுவில்தான், ஓரத்துக்குப் போகப்போகக் குழம்பும்.

நியூட்டனின் பலம் ஒளி சேர்ப்பது. மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் 58 கண்ணாடிகள். சந்திராவில் நான்கு சோடிதான். கொத்துகளின் நடுவில் எதிர்பார்த்த அளவு குளிர்ந்த வாயு இல்லை என்பது 2001 அளவில் உறுதியானது நியூட்டனின் நிறமாலைகளால்தான். பெரிய, மங்கலான வெளிப்புற வாயுவின் வெப்பநிலைதான் உங்கள் ஆய்வென்றால் தயங்காமல் அதை எடுங்கள். ஆனால் புரோத்தன் சீற்றம், அதாவது விண்வெளிப் புரோத்தன்கள் கருவியில் மோதி இரைச்சல் கிளப்புவது, வந்த நேரத்தையெல்லாம் வெட்டி எறியவேண்டும், வெட்டியபின் மிஞ்சுவது சிலவேளை பரிதாபம். நான் அதில் கைவைத்தது கொஞ்சம்தான். பழகியவர்களுக்கு இது சின்ன வேலையாக இருக்கக்கூடும்.

சந்திரா எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அவதானித்த ஆண்டு. சந்திராவின் கமராவான அசிஸ் கருவியின் வடிகட்டியில் ஆண்டுக்காண்டு அழுக்குப் படிந்து, 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் கீழான மென்கதிர்களை மறைத்துவருகிறது. குளிர்ந்த வாயு ஒளிர்வது அவற்றில்தான் என்பதால், அதைத் தேடுபவர் 2000களின் தொடக்கத் தரவை எடுப்பது நல்லம், புதியது நீண்ட நேரம் எடுத்ததாக இருந்தாலும்.