தன்னார்வக் குழுவின் படங்களுக்கு ஃப்ளிக்கர் புரோ: காசு கொடுக்கத் தகுமா?

ஏரி தூர்வாருதல், பனை விதை நடவு, ரத்ததான முகாம் என்று மாதம் இரண்டு வேலை நடத்தும் குழுவுக்கு, படங்களைச் சேமித்துப் பகிரும் ஃப்ளிக்கர் தளத்தின் கட்டணச் சந்தாவான ஃப்ளிக்கர் புரோ தகும். இலவசக் கணக்கு தகாது. 2019 முதல் இலவசமாக 1000 படங்கள்தான் வைக்கலாம். 2022 முதல் அவற்றிலும் 50 மட்டுமே பொதுப் பார்வைக்கு வராமல் இருக்கலாம். குழந்தைகள் முகம் தெரியும் பள்ளி முகாம் ஒன்றிலேயே அந்த 50 தீர்ந்துவிடும்.

ஏன் கூகுள் போட்டோஸ் போதாது? படம் சேகரிக்க அதைவிட எளிதானது இல்லை. முகத்தை வைத்துத் தேடவும் செய்யும். ஆனால் பகிர்ந்த ஆல்பத்தில் ஒருவர் போட்ட படம் அவர் கணக்கில்தான் இருக்கிறது. தன் 15 ஜிபி நிரம்பிவிட்டதென்று அவர் அழித்தால் ஆல்பத்திலிருந்தும் போய்விடும். ஆகவே அதைக் கூடையாக மட்டும் வையுங்கள். நிகழ்ச்சி முடிந்த வாரமே ஒருவர் இறக்கி, கலங்கியதையும் ஒரே மாதிரியானதையும் கழித்து, குழுவின் பெயரிலுள்ள ஃப்ளிக்கர் கணக்கில் ஏற்றட்டும். ஃப்ளிக்கரின் 'குரூப்' வசதியை நம்ப வேண்டாம், அங்கும் படம் உறுப்பினர் கணக்கிலேயே தங்குகிறது.

வாட்சப்பில் வரும் படங்கள்தான் பெரிய தலைவலி. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். கோப்பின் பெயரிலுள்ள தேதி எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. ஃப்ளிக்கரோ, தேதி இல்லாத படத்துக்கு ஏற்றிய நாளையே எடுத்த நாளாகப் போட்டுக்கொள்ளும். போன வருட நடவு இந்த வருடத்தில் போய் நிற்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கேட்காதவர்கள் அனுப்பிய படங்களை ஃப்ளிக்கரின் 'ஆர்கனைசர்' பக்கத்தில் மொத்தமாகத் தேர்ந்து தேதியை மாற்றிவிடலாம். 

ஆல்பம் பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: '2024-09-15 பனை விதை நடவு, பெரிய ஏரி'. டேக்குகளை (படத்தைத் தேட உதவும் குறிச்சொற்களை) முன்கூட்டியே இருபதுக்குள் முடிவுசெய்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் 'மரநடவு' என்பார், இன்னொருவர் 'மரம் நடுதல்' என்பார், தேடினால் பாதிதான் கிடைக்கும். ஆர்கனைசரில் இரு சொல் டேக்கை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் இரண்டாக உடையும். உரிமம் இயல்பாகவே 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்றிருக்கும். நாளிதழ்கள் எடுத்தாள வேண்டுமானால் படமெடுத்தவர்களிடம் கேட்டுவிட்டு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாற்றுங்கள். முகம் தெரியும் சிறுவர் படங்களைத் தனிப்பட்டதாக வைத்து, 'கெஸ்ட் பாஸ்' இணைப்பைப் பெற்றோருக்கு மட்டும் அனுப்பலாம். பிறகு அதை ரத்து செய்யவும் முடியும்.

குறைகள் உண்டு. ஒரு கணக்குக்கு ஒரே நுழைவுதான், பொறுப்பாளர்களுக்குத் தனித்தனி அனுமதி தர வழியில்லை. எனவே மின்னஞ்சலும் அதன் மீட்பு எண்ணும் குழுவுடையதாக இருக்கட்டும், தலைவரின் சொந்த எண் வேண்டாம். காணொளி 10 நிமிடத்துக்கு மேல் ஓடாது, நீளமானவற்றுக்கு யூடியூப்தான். சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால் 1000-க்கு மேற்பட்டவை விதிப்படி அழிக்கப்படலாம். ஆகவே புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, கணக்கு அமைப்பில் முழுத் தரவையும் கேட்டு வாங்கி வன்தட்டில் போட்டுவிடுங்கள். ஜிப் கோப்புகளாக வரும். தலைப்பும் டேக்கும் தனி ஜேசான் (உரைவடிவத் தரவு) கோப்புகளில் இருக்கும், படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆண்டுக்கு ஓரிரு நிகழ்ச்சி மட்டும் நடத்தும் குழுவுக்கு இவ்வளவும் வேண்டாம். குழுவின் பெயரில் ஒரு கூகுள் கணக்கும் ஒரு வன்தட்டும் போதும்.