தொழுவத்தில் ரப்பர் விரிப்பு: ஆறேழு ஆண்டுப் பயன்பாட்டில் மாடுகளின் குளம்புகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டித் தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. எங்கள் தொழுவத்தில் நிற்பவை ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசுக்கள். மண்தரையை மாற்றிச் சிமென்ட் தளம் போட்ட பிறகு அவை சறுக்கி விழத் தொடங்கியதால், ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு தளத்தின் மேல் ரப்பர் விரிப்புகளைப் போட்டோம். விற்பவர்கள் அதைப் பற்றிச் சொல்லும் நன்மைகள் பெரும்பாலும் உண்மையே. ஆனால் விரிப்பு வந்த பிறகு குளம்புப் பராமரிப்பு குறைவதில்லை, கூடுகிறது என்பதை வாங்கும்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். வெறும் சிமென்டில் படுக்கத் தயங்கி வெகுநேரம் நின்றுகொண்டே இருந்த மாடுகள், விரிப்பு போட்ட சில வாரங்களிலேயே நிம்மதியாகப் படுத்து அசைபோடத் தொடங்கின. முன்னங்கால் முட்டி தேய்ந்து புண்ணாவதும் பின்னங்கால் மூட்டு வீங்குவதும் வெகுவாகக் குறைந்துவிட்டன. மாடு படுத்திருக்கும் நேரமெல்லாம் குளம்புக்கு ஓய்வு என்பதால், நிறைமாதச் சினை மாடுகளுக்கு இது பெரிய உதவி.

இனி மறுபக்கம். கறவை மாட்டின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வளரும். சொரசொரப்பான தளத்தில் நிற்கும் மாட்டுக்கு அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி தானாகத் தேய்ந்துவிடும். புதுச் சிமென்டாக இருந்தால் தேவைக்கு மேலேயே தேய்ந்து அடிப்பாகம் மெலிந்துபோகும். ரப்பரில் அந்தத் தேய்மானம் இல்லை. நுனி நீள நீள மாட்டின் எடை பின்னுக்குச் சரிந்து குதிகாலில் இறங்குகிறது, அதிலும் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பே அதிகச் சுமையைத் தாங்குகிறது. அடிக்குளம்பில் புண் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து குளம்பு சீவ வரும் பெரியவர், வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டிப் பழகியவர், விரிப்பைப் பார்த்த அன்றே, "ஏனுங் அம்மிணி, மெத்தைய விரிச்சுப் போட்டீங்க, இனி எங் கத்திக்குத்தானுங்க வேலை" என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, அதாவது கறவை வற்றும்போது ஒருமுறையும் கன்று ஈன்ற இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒருமுறையும், எல்லா மாடுகளுக்கும் சீவிவிடுகிறோம். பெரியவர் பின்னங்காலைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, உள்பக்கக் குளம்பிலிருந்து தொடங்குவார். எச்.எஃப். மாட்டுக்கு மயிர் முடியும் விளிம்பிலிருந்து நுனி வரை முன்சுவர் ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஜெர்சிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவில் நுனியை வெட்டிய பிறகு, வளைந்த முனையுள்ள கத்தியால் அடிப்பாகத்தை மெல்லிய சீவல்களாக எடுத்து, உள்குளம்பை அளவாக வைத்துக்கொண்டு வெளிக்குளம்பை அதே உயரத்துக்குக் கொண்டுவருவார். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அடிப்பாகம் லேசாக அமுங்கினால் அந்த இடத்தில் கத்தியை நிறுத்திவிட வேண்டும். சீவும்போது வெள்ளையான கொம்புப் பொருளுக்கு நடுவே சிவந்த திட்டு தெரிந்தால் அது உள்ளே கன்றிப்போன இடம். ஒருமுறை கறுப்புப் புள்ளி ஒன்றைத் தொடர்ந்து சீவியபோது, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு சீழ் வெளிவந்தது. மறுநாளே அந்த மாடு காலை ஊன்றி நின்றது. பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

விரிப்பின் இரண்டாவது குறை ஈரம். கோமியமும் சாணமும் அடியில் இறங்கித் தேங்குவதால், வாரம் ஒருமுறையாவது தூக்கிக் கழுவிக் காயவைக்க வேண்டும். அதை இருவர் சேர்ந்துதான் தூக்க முடியும் என்பதை வாங்குபவர்கள் கணக்கில் கொள்ளட்டும். சித்தூர் தாலுகாவின் எங்கள் பக்கத்தில் மழை குறைவுதான். ஆனாலும் பெய்யும் நாள்களில் மேய்ந்து வரும் மாட்டின் இரு குளம்புகளுக்கு நடுவே கரிசல் மண் அப்பிக்கொண்டு, தோல் ஊறி அழுகல் தொடங்குகிறது. இதற்கு மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில் கால் நனைப்பது பயன் தருகிறது: 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ. சாணம் கலந்தால் துத்தத்தின் வீரியம் போய்விடும் என்பதால், குளம்பைத் தண்ணீரில் கழுவிய பிறகே நனைக்க வேண்டும். மீந்த கரைசலைத் தென்னைக்கோ வாய்க்காலுக்கோ திருப்பிவிடக் கூடாது, ஏனெனில் செம்பு மண்ணிலேயே தங்கிவிடும். செம்மறி ஆடுகளுக்கு அது நஞ்சு. குளம்பிடைப் புண்ணோடு காய்ச்சலும் வாயில் கொப்புளமும் எச்சில் ஒழுகலும் சேர்ந்து வந்தால் அது கோமாரியாக இருக்கக்கூடும். அப்போது துத்தத்தை நம்பிக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அதற்கான தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும்.

தீவனத்தால் வரும் கேட்டுக்கு எந்த விரிப்பும் மருந்தாகாது. பால் கூடட்டும் என்று கஞ்சியையும் அடர்தீவனத்தையும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் ஏறி, குளம்புக்குள் அழற்சி வந்துவிடும்.

விரிப்பு எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பொறுத்தவரை, முதலில் வாங்கிய தட்டையான மெல்லிய விரிப்புகள் இரண்டாவது கோடையிலேயே ஓரம் சுருண்டன. விற்ற கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். பின்னர் வாங்கிய, அடியில் நீர் வடியப் பள்ளக்கோடுகள் உள்ள கனமான விரிப்புகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. விலை கூடுதல் என்றாலும் அவற்றையே பரிந்துரைப்பேன். தளத்துக்குப் பின்பக்கம் நோக்கி வாட்டம் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாங்குங்கள். கன்று ஈனும் இடத்துக்கு மட்டும் நாங்கள் ரப்பர் போடவில்லை. அங்கே மணல்தான் கொட்டி வைத்திருக்கிறோம், ஈரமானதை அள்ளிவிட்டுப் புது மணல் போட்டுவிடுகிறோம்.