அயலில் தரவு மையம் வந்தபோது அமர்த்திய திட்டமிடல் ஆலோசனைச் சேவை: கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது?

குடியிருப்புக்குப் பக்கத்தில் தரவு மையம் ஒன்று முளைத்தால், அதைப்பற்றி யாரிடம் முறையிடுவதானாலும் சட்டம் தெரிந்த ஒருவர் கையொப்பமிட்ட அறிக்கை கையில் இருக்க வேண்டும். எங்கள் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், அதாவது வீட்டு உரிமையாளர்களின் அமைப்பு, அதற்காகக் கொழும்பில் உள்ள சிறிய நகரத் திட்டமிடல் ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. செயலாளர் என்ற முறையில் விலை பேசியது முதல் கடைசிக் கடிதம் வரை எல்லாவற்றையும் நானே பார்த்தேன். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். என் மதிப்பீடு ஐந்துக்கு நான்கு.

எங்கள் கட்டடம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. பக்கத்துக் காணியில் நான்கு மாடி. கீழே தளபாடக் கடை, மேலே அலுவலகங்கள். அவற்றில் இரண்டு மாடிகளை ஒரு கம்பனி வாடகைக்கு எடுத்து, வங்கிகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் சேவையகங்கள், அதாவது தரவைச் சேமித்து வழங்கும் கணினிகள், வைத்துக் கொடுக்கும் தரவு மையமாக மாற்றியது. மொட்டைமாடியில் குளிரூட்டிகளின் வெளிப் பெட்டிகள் வரிசையாக ஏறின. பின்பக்கத்தில் இரண்டு ஜெனரேட்டர்களும் ஒரு டீசல் தாங்கியும் வந்தன. அலுவலகம் மாலையானால் மூடிவிடும். இது மூடுவதே இல்லை. கடற்காற்றின் உப்பு பட்டு வெளிப் பெட்டிகளின் விசிறிகள் துருப்பிடிக்கத் தொடங்கியபோது இரைச்சல் இன்னும் கூடியது. எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கும் எண்பது வயது அம்மா படுக்கையறை யன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டார். நான்காம் மாடிப் பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குக் காதில் பஞ்சு வைத்துப் படித்தாள்.

இப்படியான நிலையங்கள் நகரத்துக்குத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தில் வங்கி அட்டைகள் வேலை செய்ததற்குப் பின்னால் எங்கோ ஓடிய ஜெனரேட்டர்கள் இருந்தன. எங்கள் கேள்வி, அந்த ஜெனரேட்டர் எந்த இடத்தில், எந்த நிபந்தனையோடு ஓட வேண்டும் என்பதுதான். அந்தக் கேள்வியோடு போனபோது கம்பனியின் பதில் தயாராக இருந்தது: இது அலுவலகமாக அனுமதி பெற்ற கட்டடம், கணினி வைத்திருப்பதும் அலுவலக வேலைதான்.

ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே அந்தப் பதிலை எடுத்துக்கொண்டார். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் 1982ஆம் ஆண்டுத் திருத்தமும் 'அபிவிருத்தி' என்பதற்குள் புதிதாகக் கட்டுவதை மட்டும் வைக்கவில்லை, இருக்கும் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதையும் வைத்திருக்கின்றன என்று பிரிவைத் திறந்து காட்டினார். பிரகடனப்படுத்தப்பட்ட அபிவிருத்திப் பிரதேசத்தில் அதற்கு அனுமதி வேண்டும். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை என்பது பதிலாகாது. ஆட்கள் மேசை போட்டு உட்காரும் மாடியில் இரவு பகலாக இயந்திரங்கள் ஓடினால், வாகனத் தரிப்பிடக் கணக்கு முதல் தீயணைப்பு ஏற்பாடு வரை முன்பு அனுமதித்தவற்றை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. 2021 ஜூலையில் வர்த்தமானியில் வெளியான திட்டமிடல் மற்றும் அபிவிருத்தி ஒழுங்குவிதிகளையும் பக்கம் பக்கமாக மடித்துக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் எவரும் அதுவரை அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்து, பக்கத்துக் கட்டடத்துக்கு எந்தப் பயன்பாட்டுக்காக அனுமதி கொடுக்கப்பட்டது, அனுமதித்தபடியே கட்டியதை உறுதிசெய்யும் இணக்கச் சான்றிதழ் எப்போது வழங்கப்பட்டது என்று கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் பெயரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கேள்விகள் குறுகலாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவணத்தைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாதபடி இருந்தன. தீர்மானத்தை அறிவிக்கச் சட்டம் தரும் அவகாசம் 14 வேலை நாட்கள். அந்தக் காலக்கெடுவை விண்ணப்பத்தின் கடைசி வரியிலேயே நினைவூட்டியிருந்தார். பதில் வந்தது: கட்டடம் கடைக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமே அனுமதி பெற்றது. இந்த ஒரு தாளுக்காகவே கொடுத்த பணத்தில் பாதி தகும் என்பேன்.

மீதிப் பாதி ஒலி அளவீட்டுக்கு. இந்தச் சேவையில் நான் மிகவும் மதித்த பகுதி இதுதான். குடியிருப்பாளர்கள் பலர் ஏற்கெனவே கைப்பேசிச் செயலியால் படுக்கையறைக்குள் அளந்து எண்களைக் குறித்து வைத்திருந்தார்கள். ஆலோசகர் அவற்றை மரியாதையோடு வாங்கிப் பார்த்துவிட்டு, இவை எந்த மேசையிலும் நிற்காது என்றார். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி அளவு எடுக்க வேண்டியது சத்தம் பிறக்கும் காணியின் எல்லையில். எங்கள் படுக்கையறை எவ்வளவு அதிர்ந்தாலும், மதிலோரத்தில் எடுத்த எண்தான் பேசும். மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் வரைதான் அனுமதி. பகல் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அதாவது நாங்கள் மாலைத் தேநீரை முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே சட்டப்படி இரவாகிவிடுகிறது. இது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

காலி வீதியின் பஸ் இரைச்சலையும் கடற்கரையோர ரயில் பாதையையும் வைத்துக்கொண்டு கம்பனி தப்பிக்கப் பார்க்கும் என்பதை அவர் முன்பே கணித்தார். சுற்றுப்புறத்தில் ஏற்கெனவே உள்ள சத்தமும் கணக்கில் சேரும் என்பதால், ரயிலும் பஸ்ஸும் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகு, தரம் சரிபார்த்த கருவியோடு பொறியியலாளர் ஒருவரை மதிலோரத்தில் நிறுத்தினார். தானும் விடியும்வரை கூடவே நின்றார். எண் 50ஐ நன்றாகவே தாண்டியிருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் காலையில் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கையின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு பாடசாலையின் பின்மதில் இருக்கிறது. நாங்கள் அதை முன்வாசல் வழியாக, பிரதான வீதியைச் சுற்றிப் போய்ப் பார்ப்பவர்கள். அது தூரத்தில் இருப்பதாகவே எங்கள் மனக்கணக்கு. அதே ஒழுங்குவிதிகளின்படி பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். அங்கே பகலில் 50, இரவில் 45தான் அனுமதி. எல்லையிலிருந்து எல்லைக்கு அளந்தபோது ஜெனரேட்டர்கள் அந்த 100 மீற்றருக்குள் தெளிவாக விழுந்தன. எங்கள் முறைப்பாட்டின் எடையே அந்தக் காலையில் மாறிவிட்டது. இப்படித் தேடிப் பார்க்கும் கண்ணுக்குத்தான் ஆலோசகருக்குப் பணம் கொடுக்கிறோம்.

இனிக் குறைகள். அறிக்கையின் பின்னிணைப்பு மிக நீளம். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் வெளிநாட்டு வலய விதிகளை அடுக்கியிருந்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், உலகிலேயே தரவு மையங்கள் மிக நெருக்கமாக உள்ள லௌடன் மாவட்டம், 2025 மார்ச்சில் அவற்றைத் தன்னியல்பான உரிமையாக, சபையின் தனி ஒப்புதல் இல்லாமலே, கட்டும் வழியை மூடி, ஒவ்வொரு விண்ணப்பமும் பொது விசாரணையோடு சபையின் முன் வர வேண்டும் என்றாக்கியது. பக்கத்து ஃபெயர்ஃபக்ஸ் மாவட்டம் 2024 செப்டெம்பரில், குடியிருப்புக் காணியிலிருந்து தரவு மையக் கட்டடத்துக்கு 200 அடி விலகல் வேண்டும் என்றது. சிங்கப்பூர் 2019 தொடக்கம் சில ஆண்டுகள் புதிய மையங்களையே நிறுத்தி வைத்தது. அயர்லாந்தில் 2023இல் அளவிடப்பட்ட மின்சாரத்தில் 21 வீதத்தைத் தரவு மையங்களே பயன்படுத்தின.

எல்லாம் உண்மையான தகவல்கள். ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு இவற்றில் எது பொருந்தும் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. 200 அடி என்பது ஏறக்குறைய 61 மீற்றர். பத்துப் பேர்ச் காணி என்பது சுமார் 253 சதுர மீற்றர், பக்கத்துக்குப் பதினாறு மீற்றர்கூட இல்லை. வெள்ளவத்தையில் அந்த விலகலைக் கேட்டால் பல காணிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்க முடியாததைக் கேட்டால், கேட்க வேண்டியதும் எதிர்த்தரப்பின் கண்ணில் மலிந்துவிடும். கடிதத்திலிருந்து அந்தக் கோரிக்கையை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள்.

அந்தக் குவியலில் இரண்டு உதாரணங்கள் உருப்படியானவை. முதலாவது, வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் மாவட்டத்தில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தரவு மையங்களுக்காக வலய மாற்றம் செய்த தீர்மானம். பொது விசாரணைக்கான அறிவித்தலை முறைப்படி விளம்பரப்படுத்தவில்லை என்பதற்காக அதை 2025 ஓகஸ்ட்டில் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அயலவருக்கு உரிய காலத்தில் அறிவிக்க வேண்டும் என்பதை ஒரு மரியாதைக்காகக் கேட்பதாகவே எங்கள் உறுப்பினர்கள் நினைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் கூட்டத்தில் நிமிர்ந்து பேசினார்கள். இரண்டாவது, அரிசோனாவின் சாண்ட்லர் நகரம். அங்கே குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் இரைச்சலைப்பற்றி முறையிட்டதன் பின், 2022இல் நகர சபை ஒலி ஆய்வைக் கட்டாயமாக்கி, ஜெனரேட்டர் சோதனையை வார நாட்களின் பகல் நேரத்துக்குள் அடக்கி, அயலவருக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் சொன்னது.

சாண்ட்லர் விதியை ஆலோசகர் அப்படியே எங்கள் கோரிக்கையில் சேர்த்திருந்தார்: வார நாளில், காலை பத்து மணிக்குச் சோதனை. பின்மதிலுக்கு அப்பால் அந்த நேரம் வகுப்பு நடக்கும். பாடசாலையை வைத்தே வாதாடிவிட்டு, பாடசாலை நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டச் சொல்வது எப்படி என்று கேட்டேன். உடனே ஏற்றுக்கொண்டு, பிள்ளைகள் ஒன்றரைக்கு வீடு திரும்பிய பிறகு, பிற்பகல் மூன்று மணி என்று மாற்றினார். திருத்தத்தை முகம் சுளிக்காமல் வாங்கினார் என்பதைப் பாராட்டாகவே எழுதுகிறேன். ஆனாலும் இந்தக் கட்டணத்துக்கு அது முதல் வரைவிலேயே வந்திருக்க வேண்டும்.

அந்த ஒரு புள்ளி போனது மொழியால். எங்கள் தொடர்மாடியில் பெரும்பாலானோர் தமிழர். முதியவர்கள் பலருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வசதி. அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அலுவலகங்களுக்கான கடிதங்கள் சிங்களத்தில், சுத்தமாக, பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. தமிழ்ச் சுருக்கம் கேட்டபோது, யாரோ அவசரமாக மாற்றிக் கொடுத்த இரண்டு பக்கங்கள் வந்தன. அவற்றில் இரவு எல்லையும் பகல் எல்லையும் இடம் மாறியிருந்தன. மூன்றாம் மாடி அம்மா அதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் இரவில் அவர்கள் செய்வது சரிதானே, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். அரசகரும மொழிகளில் ஒன்றில் இயங்கும் வாடிக்கையாளருக்கு இப்படிக் கொடுப்பதை நான் சின்னக் குறையாக எடுக்கமாட்டேன். பணத்தை அவரும் சமமாகத்தான் போட்டார்.

கட்டணம்: அறிக்கை, கடிதங்கள், ஒரு பேச்சுவார்த்தை எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். ஒலி அளவீட்டுக்குப் பொறியியலாளரின் கட்டணம் தனி, அதை முன்கூட்டியே எழுத்தில் தந்தார்கள். வீடுகளுக்குப் பிரித்தபோது யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. இடையில் புதிதாக எந்தத் தொகையும் முளைக்கவில்லை. பற்றுச்சீட்டுகள் ஒழுங்காக வந்தன. கணக்காளரான எனக்கு அது முக்கியம்.

கம்பனியோடு நடந்த சந்திப்பில் ஆலோசகர் குரலை உயர்த்தவே இல்லை. மேசையில் மூன்று தாள்களை வைத்தார்: அனுமதியின் பிரதி, இரவு அளவீடு, பாடசாலை எல்லை வரைபடம். முதல் அரை மணி நேரம் தங்கள் முதலீட்டைப்பற்றிப் பேசிய கம்பனிக்காரர்கள் பிறகு நிபந்தனைகளைப் பேசத் தொடங்கினார்கள். ஜெனரேட்டர்களுக்கு ஒலித்தடுப்புக் கூடு போடுவதாகவும், துருப்பிடித்த விசிறிகளை மாற்றுவதாகவும், சோதனை நாளை ஒரு வாரத்துக்கு முன் எங்கள் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதாகவும் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். விசிறிகள் மாறிவிட்டன. கூடு பாதி ஏறியிருக்கிறது. பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதியும் டீசல் தாங்கியின் பாதுகாப்பும் இன்னும் தீரவில்லை.

இந்த வகைச் சேவையை நாடுபவர்கள் விலை கேட்கும்போதே மூன்று விடயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: நள்ளிரவில், காணி எல்லையில் அளப்பார்களா, தகவல் அறியும் விண்ணப்பத்தை அவர்களே எழுதித் தருவார்களா, அறிக்கை எந்த மொழியில் வரும். டீசல் தாங்கி விவகாரத்துக்கு நாங்கள் இதே நிறுவனத்தைத்தான் மறுபடி அமர்த்தியிருக்கிறோம். இம்முறை ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: தமிழ் அறிக்கை கையில் வந்து, கூட்டத்தில் வாசிக்கப்பட்ட பிறகே கடைசித் தவணை செலுத்தப்படும்.