கட்டெறும்புக் கூட்டத்துக்கு உணவிடுதல்: மூன்றாண்டு அனுபவம்

2022 ஐப்பசியில், மழை விட்ட ஒரு மாலை நேரத்தில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசல் விளக்கின் கீழ் சிறகுதிர்த்து நடந்துகொண்டிருந்த கட்டெறும்பு ராணி ஒன்றை எடுத்து, அடியில் தண்ணீர் நிரப்பிப் பஞ்சு அடைத்த சோதனைக் குழாயில் விட்டேன். இன்று அதைச் சுற்றி இருநூறுக்குச் சற்று மேற்பட்ட வேலைக்கார எறும்புகள் இருக்கின்றன.

முதல் வேலைக்காரர்கள் வெளிவரும் வரை ராணிக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இனிப் பயன்படாத பறப்புத் தசைகளையும் உடலில் சேர்ந்த கொழுப்பையும் கரைத்தே அது முதல் ஈட்டுப் புழுக்களை வளர்த்துவிடும். மனம் கேளாமல் நான் இருமுறை தேன் வைத்தேன். அது தொடவில்லை, குழாயில் பூஞ்சை படர்ந்ததுதான் மிச்சம்.

உணவு விஷயத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது எறும்பின் உடலமைப்பு. வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. அது திரவத்தை மட்டுமே உறிஞ்சி, பொது வயிறு எனப்படும் பையில் சேமித்து, வாயோடு வாய் வைத்துப் பிறருக்குப் பகிர்கிறது. பூச்சிகளில் உள்ள புரதம் பெரும்பாலும் புழுக்களுக்கும் முட்டையிடும் ராணிக்குமே போய்ச் சேருகிறது. ஆகவே பூச்சி எவ்வளவு வைப்பது என்பதை வேலைக்காரர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அல்ல, கூட்டில் கிடக்கும் புழுக்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இதை அறியாமல் முதல் ஆண்டு முழுவதும் நான் வாரி வழங்கினேன். பாதிக்கு மேல் குப்பை மூலையில் அழுகியது.

இனிப்பில் நான்கு வகையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். கருப்பட்டி கரைத்த நீரைக் கண்டால் என் கூட்டம் மற்றதை விட்டுவிட்டு அங்கே கூடுகிறது. ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்திருந்த எங்கள் ஆச்சிக்கு இது புதிய செய்தியாக இருக்கவில்லை. "கருப்பட்டி இருக்கிற இடம் அதுகளுக்குத் தெரியாதாக்கும்" என்றார். ஆனால் நம் ஊர் வெயிலில் அந்தக் கரைசல் மறுநாளே புளித்து நுரைத்துவிடுகிறது. பதநீரும் அப்படியே, அதைவிட விரைவாக. தேனைத் தண்ணீர் கலக்காமல் வைத்தபோது, அதில் கால் ஒட்டிக்கொண்டு மூன்று எறும்புகள் மடிந்தன. கடைசியில் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு கொதித்தாறிய நீர் என்ற கரைசலையே வழக்கமாக்கிக்கொண்டேன். அதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, சிறு பஞ்சுருண்டையில் நனைத்து வைத்தால் யாரும் மூழ்குவதில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கருப்பட்டியை வாரம் ஒருமுறை, மாலையில் வைத்துக் காலையில் எடுத்துவிடுகிறேன். அதை முற்றிலும் நிறுத்த எனக்கு மனமில்லை.

புரதத்துக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஏற்றுக்கொண்டன என்றாலும், பூச்சிக்கு அது ஈடாகவில்லை. மழைக்காலத்து ஈசலே என் கணக்கில் முதலிடம் பெறுகிறது. விளக்கடியில் விழுவதைச் சேகரித்து, உறைபெட்டியில் வைத்துக்கொண்டால் பல வாரங்களுக்கு வரும். உறைய வைத்ததை வெந்நீரில் ஒரு நொடி முக்கி எடுத்தே கொடுக்கிறேன்; உயிருடன் இருக்கும் பூச்சி சிறு கூட்டத்தைக் காயப்படுத்தவும் கூடும், உண்ணிகளைக் கொண்டுவரவும் கூடும். சிறகுகளை எறும்புகள் தாமே கத்தரித்துக் குப்பை மூலையில் அடுக்கிவிடுகின்றன. அந்த ஒழுங்கைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

2024 கோடையில் ஓர் இழப்பு நேர்ந்தது. உறவினர் வீட்டிலிருந்து எடுத்து வந்த கரப்பான் பூச்சியை வைத்த மறுநாள் பதினேழு எறும்புகள் சுருண்டு கிடந்தன. அந்த வீட்டுச் சமையலறையில் முந்தைய வாரம் மருந்து அடித்திருந்ததைப் பிறகே கேட்டறிந்தேன். அன்றுமுதல், எங்கிருந்து வந்தது என்று தெரியாத எந்தப் பூச்சியையும் நான் வைப்பதில்லை. எறும்புக் கட்டியால் கோடு போட்ட வீடுகளின் பூச்சிகளையும் தொடுவதில்லை. இப்படித் தேர்ந்தெடுப்பதால் சில வாரங்களில் பூச்சியே கிடைக்காமல் போவதும் உண்டு. அதைக் குறித்து அஞ்ச வேண்டாம். கட்டெறும்பின் குடற்செல்களில் வாழும் பிளாக்மேனியா என்னும் பாக்டீரியா அதற்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுப்பதால், இனிப்பும் தண்ணீரும் மட்டும் கொண்டு சில நாட்கள் தாங்கிவிடும்.

தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறக்கூடாது. கத்திரி வெயிலில், ஒரு மாதம் வருமென நினைத்த குழாய் பத்து நாளில் வற்றியது. அதே பருவத்தில், உணவுத் தட்டின் விளிம்பில் தடவியிருந்த பெட்ரோலிய ஜெல்லி உருகி வழிந்து, வெளியிலிருந்து சிற்றெறும்புகள் இனிப்பைத் தேடி உள்ளே வரிசையாக வந்துவிட்டன. இப்போது பால் பாத்திரத்துக்குச் செய்வது போலவே, பெட்டியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்திருக்கிறேன்.

மார்கழி பிறந்த பிறகு புழுக்கள் குறைந்துவிட்டதால், சென்ற வாரம் ஒரே ஒரு ஈசல்தான் வைத்தேன். அதிலும் பாதியை அப்படியே விட்டுவிட்டன.