ஒரு பல்கலைக்கழக ப்ரீ-மெட் ஆலோசனை மையம்: பெற்றோர் ஒருவரின் மதிப்பீடு

அமெரிக்காவில் பெரும்பாலான மாணவர்கள் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியும். ‘ப்ரீ-மெட்’ என்பது அந்த நான்காண்டுத் தயாரிப்பைக் குறிக்குமேயன்றித் தனிப் பட்டப்படிப்பு அல்ல என்பதால், எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்ற பொறுப்பு பெரும்பாலும் மாணவர் தலையிலேயே விழுகிறது. என் மகள் சேர்ந்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகம் இதற்கென இலவச ஆலோசனை மையம் ஒன்றை நடத்துகிறது.

முதல் செமஸ்டருக்கென அவள் வரைந்து சென்ற பாடப் பட்டியலில் பொது வேதியியல், உயிரியல், கால்குலஸ், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, உளவியல் என 18 கிரெடிட்டுகள் (பாடச்சுமையை அளக்கும் அலகு) இருந்தன. ஆலோசகர் உயிரியலை இரண்டாம் செமஸ்டருக்குத் தள்ளி, புதிய மாணவர்களுக்கான ஒரு கிரெடிட் கருத்தரங்கைச் சேர்த்து, 15 கிரெடிட்டுகளில் நிறுத்தினார். பட்டத்துக்குத் தேவையான 120 கிரெடிட்டுகளை எட்டு செமஸ்டர்களுக்குப் பகிர்ந்தால் கிடைப்பதும் அதுவே. ஆய்வக வகுப்பு ஒரே கிரெடிட்டாகக் கணக்கிடப்பட்டாலும் வாரத்தில் ஒரு பிற்பகலை முழுதாக விழுங்கிவிடும், அறிக்கை எழுதும் வேலையும் அதற்கு மேல் உண்டு என்று அவர் விளக்கியது நியாயமாகவே பட்டது. மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண் புள்ளி) தனியாகக் கணக்கிடப்படுகிறது, ஒரு பாடத்தை மீண்டும் படித்தாலும் பழைய மதிப்பெண் கணக்கை விட்டுப் போவதில்லை. ஆகவே முதல் செமஸ்டரிலேயே வேதியியல், உயிரியல் என இரண்டு ஆய்வகங்களோடு மல்லுக்கட்டுவது வீண் துணிச்சல். 2015 முதல் எம்கேட் எனும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் உளவியலும் சமூகவியலும் இடம்பெறுவதால், உளவியலை அவர் பட்டியலிலேயே விட்டுவைத்ததும் சரியே.

குறைகளும் உண்டு. ‘கடினமாக இருந்தால் ஒரு பாடத்தைக் கைவிடலாம்’ என்று ஆலோசகர் சொன்னாரே தவிர, எந்தப் பாடம் என்று சொல்லவில்லை. முழுநேர மாணவராக நீடிக்க 12 கிரெடிட்டுகள் வேண்டும். மூன்று கிரெடிட் உளவியலைக் கைவிட்டால் சரியாக 12 நிற்கும். நான்கு கிரெடிட் வேதியியலைக் கைவிட்டாலோ 11 ஆகிவிடும், உதவித்தொகைக்கே ஆபத்து வரக்கூடும். தடுமாறும் மாணவர் கைவிட நினைப்பது வேதியியலைத்தானே! இந்த எளிய கழித்தல் கணக்கை மாணவரிடம் போட்டுக் காட்டாத ஆலோசனையை முழுமையானது என்று எப்படிச் சொல்வது?

அவள் பள்ளியில் எழுதிய, கல்லூரி கிரெடிட் பெற்றுத் தரக்கூடிய ஏ.பி. வேதியியல் தேர்வைப் பற்றிக் கேட்டதற்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அந்த கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றாலும் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதால், அவள் பொது வேதியியலை வகுப்பிலேயே படிப்பதென்று நாங்களாகவே முடிவு செய்தோம்.

பாடச்சுமையைக் குறைக்கத் துணிந்ததற்காகவே இம்மையத்தைப் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு சந்திப்போடு நிறுத்திக்கொள்ளாமல், முதல் வேதியியல் தேர்வின் மதிப்பெண் வந்ததும், பாடத்தைக் கைவிடுவதற்கான கடைசித் தேதிக்கு முன்பாக இரண்டாம் சந்திப்புக்கும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.