மல்டி டச் மவுஸ்: சோதனைக்கூடத்தில் ஐந்து, கடையில் ஒன்று

மல்டி டச் மவுஸ் என்றால் மேலே பல விரல்களின் தொடுதலை உணரும் மவுஸ். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு 2009இல் இப்படி ஐந்து சோதனை மவுஸ்களைக் காட்டியது. ஆப்பிளின் மேஜிக் மவுஸ் வாங்க நினைப்பவர்கள் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்த வகைக்கு என்ன நிறை, என்ன குறை என்று அவற்றிலிருந்தே புரியும்.

எஃப்டிஐஆர் மவுஸில் வளைந்த அக்ரிலிக் தகட்டின் ஓரத்தில் அகச்சிவப்பு எல்இடிகள். வெளிச்சம் தகட்டுக்குள்ளேயே எதிரொளித்து ஓடும். விரல் பட்ட இடத்தில் மட்டும் சிதறும். அதைக் கேமரா வெள்ளைப் புள்ளியாகப் பார்க்கிறது. கேமரா தள்ளி இருந்தால்தான் தகடு முழுக்கத் தெரியும், அதனால் மவுஸ் குண்டாகிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, ஜன்னலோர மேசையில் புள்ளி கரைந்துபோகும். ஆர்ப் மவுஸும் கேமரா வகைதான், அரைக்கோள வடிவம். சைடு மவுஸ், மேசையில் படும் விரல்களைக் கவனிக்கும். ஆர்ட்டி மவுஸில் அடிப்பகுதியிலிருந்து நீளும் இரண்டு கைகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் ஆளுக்கொரு ஆப்டிகல் சென்சார். துல்லியத்தில் இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் இரண்டு விரலோடு சரி.

மிச்சம் கேப் மவுஸ். போன் திரைபோல, விரல் பட்டதை மின்மாற்றத்தால் உணரும் மின்தேக்கு (கெபாசிட்டிவ்) சென்சார். மெலிசு, வெளிச்சத் தொல்லை இல்லை. ஆப்பிள் அதே ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த மேஜிக் மவுஸும் இந்த வகைதான்.

இதன் மேல்மூடி மொத்தமும் ஒரே பட்டன். அமுக்கும்போது விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே இடதா வலதா என்று முடிவெடுக்கிறது. ஆள்காட்டி விரலை இடப்பக்கம் வைத்தபடியே நடுவிரலால் அமுக்கினால் இடது கிளிக்காகவே எடுத்துக்கொள்ளும். ரைட் கிளிக் வேண்டுமா, ஆள்காட்டி விரலைத் தூக்குங்கள். இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டிய கேம்களுக்கு ஆகவே ஆகாது. ரைட் கிளிக்கே வரவில்லையென்றால் மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், மவுஸ், செகண்டரி கிளிக் என்று போய் வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவும். பிரவுசரில் பக்கவாட்டில் ஸ்க்ரோல் செய்யும்போது முந்தைய பக்கத்துக்குத் தாவினால், 'ஸ்வைப் பிட்வீன் பேஜஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். பாதி எரிச்சல் போய்விடும்.

ஸ்க்ரோல் மட்டும் அருமை. நான்கு திசையிலும் வழுக்கிக்கொண்டு போகும். வீடியோ டைம்லைன், அகலமான எக்செல் ஷீட் பார்ப்பவர்களுக்குக் காசு இதிலேயே தேறிவிடும். சார்ஜிங் துளை அடிவயிற்றில். 2024இல் யுஎஸ்பி-சிக்கு மாறியபோதும் இடம் மாற்றவில்லை. சார்ஜ் ஏறும்வரை வேலை செய்ய முடியாது. விண்டோஸில் இணைத்தால் நகரும், கிளிக் ஆகும். ஸ்க்ரோலுக்குத் தனி டிரைவர் மென்பொருள் தேட வேண்டும். விண்டோஸ்காரர்கள் வாங்க வேண்டாம்.